பின்புறக் குளத்துக்கு இருபத்திரண்டு விதிகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்பால் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்பாலும் மனதாலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். எங்களுக்கு மட்டும் உடம்பால் என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பாய். என் மனசு இன்னும் நிலைக்கு வரவில்லை. ஏன் என்பது உனக்குப் பாதி தெரியும், ஏனென்றால் பாதிக் குற்றவாளி நீ. மீதிப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் பெரிய அத்தைக்குக் கண் ஆபரேஷன் என்று பன்னிரண்டு நாள் போய் இருந்தேன் அல்லவா, திரும்பி வந்த அன்று பையை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு, வெறும் பனியனோடு கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன். நம் குளத்தில் ஆட்கள். எண்ணினேன், ஒன்பது பேர். நடுவில் வாத்து மாதிரி ஒரு காற்றடைத்த மிதவை, நம் பழைய கார் அளவுக்கு, அதன் மேல் ஒரு அம்மாள் படுத்துக்கொண்டு பத்திரிகை படிக்கிறாள். அதில் ஒருவர், வழுக்கைத் தலையில் நீச்சல் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தவர், என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "சார், உங்க நேரம் அஞ்சு மணிக்கா? எங்களுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கே" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "மன்னிக்கணும், தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என் வீட்டில், நான் நின்று கட்டிய குளத்துக்கு முன்னால், பனியனோடு நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கூடத்துக்கு வந்து சுவரில் இருக்கும் உங்கள் இருவருடைய பள்ளிக்கூடப் படங்களைப் பார்த்த பிறகுதான் வீடு மாறி வரவில்லை என்று நிச்சயமானது. உன் அம்மா சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டீங்களா, மெதுவா பேசுங்க, ஆளுங்க இருக்காங்க" என்றாள். பன்னிரண்டு நாள் கழித்து வந்த புருஷனுக்கு இதுதான் வரவேற்பு.

பிறகு விசாரித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நம் பின்புறக் குளம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அதற்கென்று போனில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அமைத்துக் கொடுத்தவள் என் மகள். படங்கள் எல்லாம் நீ போன தடவை வந்தபோது எடுத்ததாம். குளத்தின் நீலம் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நீ சொன்னபோது பாசத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன், விளம்பரத்துக்குச் சொல்லியிருக்கிறாய். அதைவிடப் பெரிய அடி அந்த விதிப்பலகை. இரண்டு மாதம் முன்னால் உன் அம்மா, தன் தோழி ஒருத்தி வீட்டுக் குளத்தை வாடகைக்கு விடப் போகிறாள், நாலு விதி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவனிடம் விதி எழுதித் தரச் சொன்னால், கரும்பு தின்னக் கூலியா? நாலு கேட்டவளுக்கு இருபத்திரண்டு எழுதிக் கொடுத்தேன். அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு நம் பின்சுவரிலேயே ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். நாலாவது விதி என்ன சொல்கிறது என்றால், வாடகை நேரத்தில் வீட்டுக்காரர் எவரும் பின்புறம் வரக் கூடாது, துணி காயப்போடக் கூடாது, சன்னல் வழியாகவும் பார்க்கக் கூடாது. யாரோ ஒருத்தர் வீட்டுக்கு என்று நினைத்துத் தாராளமாக எழுதினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். தினம் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் திரையை இழுத்து விட்டுக்கொண்டு நானே என் வீட்டில் சிறையிருந்தேன். ஆனாலும் மீறவில்லை. எழுதியவனே மீறினால் அப்புறம் எவன் மதிப்பான்.

போன புதன்கிழமை, நாலு மணி இருக்கும், மருந்துக்கடை என்ற பெயரில் பதிவாகியிருந்த நேரம். நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு ஆண் குரல், "உடம்பை லேசா விடு, வயித்தை மேல தூக்கு. தண்ணி உன்னைத் தாங்கும், நீ தண்ணியைத் தாங்க வேண்டாம்" என்றது. டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. அது என் பேச்சு. உனக்கும் உன் அண்ணனுக்கும் அதே இடத்தில், அதே படிக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்ன வார்த்தைகள், ஒரு சொல் மாறவில்லை. குரல் மட்டும் உன் அண்ணனுடையது. நான் திரையை விலக்கிப் பார்த்தேன். ஆமாம், நாலாவது விதியை நான் மீறினேன், மறைக்கவில்லை. உன் அண்ணன் நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்கிறான், கொஞ்சம் இளைத்திருக்கிறான், காதோரம் நரை. அவன் கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு சிறுமி, சிவப்புத் தொப்பி, முன்பல் இரண்டு இல்லை, "அப்பா, கையை எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையை நம் வீட்டுக்கு அவன் அழைத்து வந்த அன்று நடந்தது உனக்குக் கேள்விதான், நீ பார்க்கவில்லை. அதனால் ஒரு முறை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்ணை அவன் கட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தம் இருந்தது உண்மைதான், ஆனால் அவள் மருந்துக்கடை வைத்துத் தன் காலில் நிற்பவள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளுடைய முதல் கல்யாணத்தில் பிறந்த பிள்ளையும் கூட வரும் என்றதும் எனக்குள் ஏதோ கெட்டியாகிவிட்டது. அடுத்தவன் பெற்றதுக்கு நான் எதற்கு உறவு கொண்டாட வேண்டும் என்று கேட்டேன். பிள்ளை அங்கேயே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. உன் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு போய், தெருவில் வைத்துச் செருப்பை மாட்டிவிட்டான். இனி இந்த வாசப்படி ஏற மாட்டேன் என்று போகும்போது சொன்னான், ஏறவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும் நான் பேசியது தப்பு என்று. தெரிந்தும் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை, அதுதான் பெரிய தப்பு.

இப்போது சன்னலில் நின்று பார்க்கிறேன், அவன் கையைப் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே வைத்திருக்கிறான். தோள்பட்டைக்குக் கீழே அல்லவா வைக்க வேண்டும், அப்போதுதான் தலை தாழாது. எத்தனை முறை செய்து காட்டியிருக்கிறேன், பேச்சைப் பிடித்தவன் கையைப் பிடிக்கவில்லை. நான் நினைத்தது போலவே தலை தாழ்ந்தது, பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டது. என் கை பின்கதவுத் தாழ்ப்பாளில் இருந்தது. அதற்குள் அவன் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினான், பிள்ளை இருமிவிட்டு அழுதது, சரியாகிவிட்டது. தாழ்ப்பாளை நான் திறக்கவில்லை. விதிக்காக இல்லை அம்மாடி, வெட்கத்துக்காக. வெளியே போய் என்னவென்று சொல்லி நிற்பது?

திரும்பினால் உன் அம்மா. "நாலாவது விதி என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றாள். எத்தனை நாளாக இது என்று கேட்டேன். மூன்றாவது புதன்கிழமையாம். முதல் இரண்டும் நான் அத்தை வீட்டில் இருந்தபோது. பக்கத்துக் கேட் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிடுவாளாம், அவன் அந்த வழியாகவே வந்து அந்த வழியாகவே போகிறானாம். பொதுக் குளத்தில் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து பிள்ளை படியைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றதாம். "வாசப்படி ஏற மாட்டேன்னுதானே சொன்னான், தண்ணியில இறங்க மாட்டேன்னு சொல்லலையே" என்றாள். அப்படியானால் அவனை மட்டும் கூப்பிட வேண்டியதுதானே, ஊரையே எதற்குக் குளத்தில் இறக்கினாய் என்றேன். அதற்கு அவள், "அவனுக்கு மட்டும் திறந்தா சலுகைன்னு வர மாட்டான். ஊருக்கே திறந்து வச்சா ஊர்ல ஒருத்தனா வருவான்" என்று சொன்னாள். நாற்பது வருடம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவளுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரியாது. அதிர்ச்சியில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அடுத்த புதனுக்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. நீயே போய் அவனிடம் சொல்லேன் என்று உன் அம்மாவைக் கெஞ்சினேன். மூன்று வருடம் தூது போய்க் கால் தேய்ந்துவிட்டது, நீங்களே கேளுங்கள் என்று போனை நீட்டினாள். வாடகைக்கு வருபவர்களுக்கு எழுத அதில் ஒரு இடம் இருக்கிறதே, அதில் எழுதினேன். எனக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான். "ஐயா, வரும் புதன்கிழமை தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் கூடுதலாக ஒருவர் கலந்துகொள்ள அனுமதி வேண்டப்படுகிறது. அவருக்கு நீச்சல் கற்பித்து அனுபவம் உண்டு" என்று எழுதி அனுப்பினேன். அரை மணியில் பதில். "யார் அந்த ஒருத்தர்? எங்ககூட குழந்தை இருக்கு, தெரியாதவங்களை விட முடியாது." சரியான கேள்வி. பாதுகாப்பு அதிகாரி எவனும் அதைத்தான் கேட்பான்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. வீட்டு உரிமையாளர் என்று எழுதினேன், அழித்தேன். உன் அப்பா என்று எழுதினேன், அதையும் அழித்தேன். அவனுக்கு நான் அப்பா இல்லை என்று யாரும் என்றைக்கும் சொல்லவில்லையே, நான் மறுத்தது அதை இல்லையே. கடைசியில் நேற்றுக் காலை, பல் தேய்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து, "குழந்தையின் தாத்தா" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வரை பதில் இல்லை. உன் அம்மா சாப்பிடச் சொன்னாள், இறங்கவில்லை. விளக்குப் போடும் நேரத்துக்குப் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன். "விதி பதினொண்ணுப்படி துண்டு அவங்கவங்க கொண்டு வரணும். பாப்பா ஒண்ணு கேக்கச் சொன்னா. தாத்தாவுக்கும் ஆழத்துல பயமா?"

பயம்தான் என்று எழுதி அனுப்பினேன். பொய் இல்லை அம்மாடி. இந்த வயதில் இப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் பேச வேண்டியதை அன்றன்றைக்கே பேசிக்கொண்டு நன்றாக இருங்கள். குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதை மூடாமல் வெளியே போகாதே. வேறு ஒன்று, வரும் புதன்கிழமை எங்கள் நேரத்துக்கு நாலிலிருந்து ஐந்து வரை போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா