நான் சொல்லாத சொல்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

மழை. ஏரல் வழி பஸ் இருபது நிமிஷம் தாமதம். மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதுதான் கையெழுத்துப் போட்டேன். பிரின்சிபால் தேவகனி மேடம் வராந்தாவில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தால் தேவலை. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் என்ன அர்த்தம் என்று மத்தியானம் வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பரோடு நான் இங்கே சேர்ந்து ஒரு வருஷம். தகுதிகாண் காலம் முடிகிறது. நிரந்தரம் செய்வதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று மேடம்தான் முடிவு எடுப்பார். சேர்ந்த அன்றைக்கே சொன்னார்: “இங்க பல ஊர்ப் பிள்ளைங்க படிக்குது, மிஸ். எல்லாருக்கும் புரியற தமிழ் பேசுங்க.” அன்றிலிருந்து எங்கள் ஸ்ரீவைகுண்டத்துப் பேச்சு வாயில் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ‘வருகிறான், சொல்கிறான்’ என்றே பாடம் நடத்துகிறேன். வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கிறது.

இன்று ஏழாம் வகுப்புக்கு ‘என் அம்மா’, பத்து வாக்கியங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். உம்மா, மம்மி, அம்மா என்று வந்தது. ஒருவன் “யம்மோவ்” என்று கூப்பாடு போட்டான். லிப்ஸா “போவு” என்றாள். ஒடிசாப் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் இன்ஜினீயர். நான் சேர்ந்தபோது அவளுக்கு அகரம்கூடத் தெரியாது. இன்று ஒன்பது வாக்கியம் எழுதிவிட்டாள். பத்தாவதை எழுதும்போது பக்கத்தில் இருந்த ஜெப்ஸியின் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து பக்கம் முழுக்க நனைந்துபோயிற்று. லிப்ஸா அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொன்னேன். அழுகையை உடனே நிறுத்திவிட்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

லிப்ஸா மூன்று நாளாக வரவில்லை. காய்ச்சல் என்று வகுப்பு ஆசிரியை சொன்னார்.

நவம்பர் 10, திங்கள்

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்றாம் பீரியடில் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் லிப்ஸாவின் அப்பா. வெள்ளைச் சட்டை, கழுத்தில் துறைமுக அடையாள அட்டை. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே ஆங்கிலத்தில் பேசினார். அவர் மனைவிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது. அதற்காகத்தான் கட்டாக்கில் அம்மா வீட்டில் இருக்கிறாராம். எனக்கு இது தெரியாது. ஊருக்குப் போயிருக்கிறார் என்று மட்டும்தான் லிப்ஸா சொல்லியிருந்தாள். ‘உன் அம்மா பிணமாகிவிடுவாள்’ என்று தமிழ் மிஸ் சொன்னதாகப் பிள்ளை ராத்திரியில் எழுந்து எழுந்து அழுகிறாளாம்.

நானா? நான் எதுக்குச் சொல்லுதேன்? பெத்த தாயப் பத்தி ஒரு பச்சப் பிள்ளைகிட்ட அப்படிச் சொல்ல எனக்கு என்ன கிறுக்கா?

மேடம் முன்னாலேயே “நானா சொல்லுதேன்” என்று ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அதற்கும் இப்போது பயமாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ‘மாணவியின் தாயாரைக் குறித்தோ மரணத்தைக் குறித்தோ நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.’ கீழே பேச்சிச்செல்வி என்று கையெழுத்து, தேதி. மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழை இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “ஏளா, நீ சொல்லலன்னா சொல்லல. அந்தச் சவத்த விட்டுட்டுச் சாப்பிடு.”

பாதியோடு எழுந்து கை கழுவினேன்.

நவம்பர் 13, வியாழன்

முன்பெஞ்சுப் பிள்ளைகள் நான்கு பேரை மேடம் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம். நான்கு பேரும் ஒரே பேச்சாக மிஸ் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்றிருக்கிறார்கள். ஜெப்ஸி ஒரு படி மேலே. அவள் அப்பா திரேஸ்புரத்தில் படகு வைத்திருக்கிறார். பிள்ளைக்குத் தைரியம் ஜாஸ்தி. “மிஸ் அவளத் தடவிக் குடுத்தாங்க மேடம். அவதான் பொய் சொல்லுதா” என்றாளாம்.

மேடம் என்னிடம் சிரித்த முகமாகப் பேசினார். “நீங்க கவலப்படாதீங்க. பிள்ளை வந்ததும் கவுன்சிலிங்குக்கு அனுப்புதேன். ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கி ஃபைல்ல வச்சிருவோம்.”

மூன்று நாளைக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாக டீ குடித்தேன். ஆனாலும் அந்தப் பிள்ளை எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? பொய் சொல்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாத அன்றைக்குச் சொல்வார்கள். இவள் ஒரு நாளும் செய்யாமல் வந்ததில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணம். காலையில் சேலை கட்டும்போது கொசுவம் நிற்கவில்லை. “சவம், நிக்க மாட்டேங்கு” என்றேன்.

சொல்லிவிட்டு, கொசுவத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அம்மா வந்து “முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்குத்தான் போகணும் போல” என்றாள்.

நான்காம் தேதி எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். ‘சமாதானம் சொன்னேன்’ என்று மட்டும் இருக்கிறது. என்ன சொன்னேன்?

“சவம் போவுது, விடு. வேற எழுதிக்கிடலாம்.”

அதுதான். அதேதான். நனைந்த தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் குடை கிழிந்தாலும் சவம், பஸ் போய்விட்டாலும் சவம். தொலைந்தால் போகட்டும் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். ஒருவருக்கும் பிணம் நினைவுக்கு வராது. நாலு பிள்ளைகள் காதிலும் விழுந்திருக்கும். அவர்கள் அம்மாமாரும் நாளுக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பார்கள். எனக்கே நான் சொன்னது கேட்கவில்லையே.

அப்படியானால் லிப்ஸாவுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது?

நவம்பர் 17, திங்கள்

ஹிந்தி எடுக்கிற ஸ்டெபியிடம் போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன், பிணத்துக்கு ஹிந்தியில் என்ன என்று. “ஷவ்” என்றாள். ஒடியாவில்? “அதே சொல்தான் மிஸ், கொஞ்சம் உருட்டிச் சொல்லுவாங்க. எதுக்கு?” “சும்மா” என்றேன். முகம் எப்படி இருந்ததோ, அவள் மறுபடி கேட்கவில்லை.

பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாக்கியத்தை வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தேன். சவம் போவுது. சவம், போவு. பிணம், அம்மா.

அந்த வாக்கியத்தில் அவளுக்குத் தெரிந்த சொற்கள் அந்த இரண்டும்தான். இரண்டும் அவள் பாஷை. ‘போகிறது’ என்று பள்ளிக்கூடத் தமிழில் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பித்திருக்கும். பதினொரு மாதம் பல்லைக் கடித்தவள், பிள்ளை அழுகிறதே என்று மனசு இளகின ஒரு நிமிஷம் வாயை விட்டுவிட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் எழுத்தில் பொய் சொல்லியிருக்கிறேன், ஒற்றுப்பிழை இல்லாமல்.

நவம்பர் 18, செவ்வாய்

மேடம் அறை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் உள்ளே யாரோ இருந்தார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் போகவில்லை என்பதுதான் உண்மை.

நவம்பர் 19, புதன்

லிப்ஸா வந்தாள். மெலிந்திருக்கிறாள். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நோட்டை மூடிக் கையை மேலே வைத்துக்கொண்டாள்.

ஜெப்ஸி எழுந்து, “மிஸ், நான் அங்கன போய் உக்காருதேன். பொய் சொல்லுதவ கூட இருக்க மாட்டேன்” என்றாள். எனக்காகத்தான் செய்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்பெஞ்சுக்குப் போனாள். மற்ற பிள்ளைகள் லிப்ஸாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் உட்கார்கிற பெஞ்சில் அவள் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள், நடுவுக்கு நகரவில்லை.

நான் “அமைதி” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெட்கக்கேடு. இப்படி ஒரு வேலை நிரந்தரமாகி என்ன ஆகப்போகிறது?

நவம்பர் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேடம் முதலில் சிரித்தார். “சவமா? அதெல்லாம் ஒரு பேச்சா? நானும்தான் வீட்டுல நாள்பூரா சொல்லுதேன்.” பிறகு ஸ்டெபி சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். “எழுதிக் குடுத்திருக்கீங்களே, மிஸ். இப்ப மாத்தினா, முதல்ல குடுத்தது என்னன்னு நிர்வாகம் கேக்கும். பிள்ளைகிட்ட நான் நயமா பேசிக்கிடுதேன். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். இதோட விட்ருவோமே.”

விட்டால் எனக்கு நல்லதுதான். ஆனால் வகுப்பில் அவள் பொய்க்காரியாகவே இருப்பாள். இன்னும் ஐந்து வருஷம் இதே பிள்ளைகளோடு படிக்க வேண்டியவள்.

இரண்டாவது கடிதம் எழுதினேன். ‘மாணவி கூறியது உண்மை. அச்சொல்லை நான் சொன்னேன்.’ மேடம் வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

வகுப்பில் சொன்னேன். லிப்ஸா கேட்டது சரி, நான் சொன்னதை நானே மறந்திருந்தேன் என்று. கரும்பலகையில் ‘சவம்’ என்று எழுதி என்ன பொருள் என்று கேட்டேன். ஜெப்ஸி மட்டும் மெதுவாக, “எங்கம்மா என்னய அப்படித்தான் சொல்லுவாங்க, மிஸ்” என்றாள். ரொம்ப நேரம் கழித்துப் பையைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தாள். லிப்ஸா நகர்ந்து இடம் விட்டாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

நவம்பர் 22, சனி

துறைமுகக் குடியிருப்புக்குப் போனேன். பேச்சுக்கு உதவியாக ஸ்டெபியும் வந்தாள். வழியெல்லாம் லாரி, கரித்தூசி. சேலை முந்தானையை உதறி உதறிக் கை வலித்தது. உள்ளே விடாமல் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

லிப்ஸாவின் அப்பா உள்ளே விட்டார். பிஸ்கட் தட்டு வைத்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. எங்கள் ஊரில் இது சாதாரணச் சொல், என் அம்மா என்னைத் தினமும் சொல்வாள் என்றேன். அதைச் சொன்னதும் எனக்கே தெம்பு வந்தது, விளக்கிக்கொண்டே போனேன்.

அப்போது லிப்ஸா உள் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஹிந்தியில் ஏதோ கேட்டாள். ஸ்டெபி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருக்கும்போதும் உங்க அம்மா அப்படிச் சொல்லுவாங்களான்னு கேக்குதா.”

எனக்குப் பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்தது. இரண்டு மாதம் படுக்கை. அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திட்டவே இல்லை. “பேச்சி, பேச்சி” என்று முழு மரியாதையாகப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அது எனக்கு அப்போது எவ்வளவு பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை யோசித்ததே இல்லை.

“இல்ல. சொல்ல மாட்டாங்க” என்றேன். தமிழிலேயே சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

ஆக, அர்த்தம் தெரியாமல் சொல்கிற சொல் இல்லை அது. எங்களுக்கும் தெரியும். சாவு பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்கிறோம். இதற்கு மேல் விளக்க என்னிடம் ஒன்றும் இல்லை. “தப்புதான், லிப்ஸா” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அவள் அப்பா வாசல் வரைக்கும் வந்து, அறுவை சிகிச்சை வரும் வெள்ளிக்கிழமை என்றார்.

நவம்பர் 28, வெள்ளி

இன்றைக்குத்தான். லிப்ஸா வரவில்லை, அப்பாவோடு கட்டாக்கில். ஐந்து வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று தெரியாது.

டிசம்பர் 3, புதன்

பிழைத்துக்கொண்டார் என்று ஸ்டெபி சொன்னாள். ஆனால் பேச்சு இல்லையாம், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே வைத்திருக்கிறார்களாம்.

என் கடிதமும் வந்தது. நிரந்தரம் இல்லை. தகுதிகாண் காலம் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு, ‘முரண்பட்ட எழுத்துமூல விளக்கங்கள்’ காரணமாக. அனுப்பிவிடுவார்கள் என்று பயந்ததற்கு இது பரவாயில்லை. ஆனாலும் அழுகை வந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

அரையாண்டுத் தேர்வு. லிப்ஸா திங்கட்கிழமையே திரும்பிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க மூன்று நாளாக வாய் வரவில்லை. நான் கேட்டு அந்த முகம் மாறினால்?

இன்று தமிழ்த் தேர்வு. கடைசியாக விடைத்தாளைக் கொடுத்தவள் அவள்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் மேசை ஓரத்தில் நின்றாள். வாக்கியத்தை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. காத்திருந்தேன்.

“மிஸ். நேத்து அம்மா போன்ல என்னைத் திட்டினாங்க.”

“ரொம்பவா?”

“ரொம்ப” என்றாள்.