பதினோரு குழாய்கள்

அன்பு மருமகள் அளவுகோலுக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. யாருமே நம்பப் போகாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன் என்று இரண்டு கையையும் தூக்கிச் சத்தியம் செய்கிறேன். கையைத் தூக்கிக்கொண்டு எப்படி எழுதுவீர்கள் என்பாய். உன் மாமாவால் முடியும்.

முதலில் உன் அம்மா. இடுப்பில் வைத்த தகடு பிடித்துவிட்டது. நேற்று டாக்டர் நிற்கவைத்துப் பார்த்தார். நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் என்னைத் திட்டினாள். தேறிவிடுவாள்.

நிலம் ஆடிய அன்று பூமி என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தது. "பத்தே செகண்டுதான் அண்ணே" என்றது. வீட்டுக்குப் பின்னால் மேட்டைத் தாங்கும் சுவர் சாய, நான் முதுகைக் கொடுத்து ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினேன். பாழாய்ப்போன தும்மல் ஒன்று வந்தது, சமையலறைமேல் விழுந்துவிட்டது. இதை ஆஸ்பத்திரியில் சொன்னபோது அக்கா, "வலிக்குதுடா, சிரிக்க வைக்காதே" என்றாள்.

நீ மட்டும் சிரிக்கவில்லையாம். "என் கணக்குதாம்மா உன்மேல விழுந்துது" என்றாயாம். ராஜினாமாக் கடிதம் எழுதிவைத்திருக்கிறாயாம். வெள்ளிக்கிழமை கொடுக்கப் போகிறாயாம். இடிபாட்டைப் பார்த்துப் போன இன்ஜினியரும் வடிவமைப்பில் குறை இருக்கலாம் என்று எழுதிவிட்டார்.

சுவர் கட்டுமுன் நீ கம்ப்யூட்டரில் காட்டினாயே. மண்ணைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, எங்கோ எப்போதோ வந்த நிலநடுக்கத்தை அதற்குள் ஓடவிட்டாய். சுவர் குடிகாரன்போல் ஆடி, இரண்டு விரற்கடை முன்னால் வந்து நின்றது. "விழாது மாமா. ஆனா பின்னாடி தண்ணி தேங்கக் கூடாது, அதுக்குத்தான் இந்தப் பதினோரு குழாய்" என்றாய். நான் கொட்டாவி விட்டேன்.

போன மழைக்கு அந்தக் குழாய்கள் சேற்றுத் தண்ணீராகக் கக்கின. முற்றத்தில் அப்போதுதான் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தேன். மூன்று நாள் துடைத்தேன். நாலாம் நாள் ஒவ்வொன்றிலும் துணியைத் திணித்து, சிமெண்ட் பூசி, சுவரின் நிறத்திலேயே பெயிண்டும் அடித்தேன். வாழ்நாளில் நான் சுத்தமாகச் செய்த ஒரே வேலை. அதற்குப் பிறகும் ஒரு மாதம் மழை. மண் அத்தனையையும் குடித்துவிட்டுச் சும்மா நின்றது. அப்புறம்தான் ஆடியது.

இடிபாட்டிலிருந்து ஒரு குழாய்த் துண்டைப் பொறுக்கி உன் அம்மாவிடம் காட்டிச் சொன்னேன். உள்ளே துணி இன்னும் ஈரமாக இருந்தது. "என் பொண்ணைக் காப்பாத்த இதையும் நீயே திணிச்சுக் கொண்டுவந்தியாடா" என்று என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். நாற்பது வருடம் புளுகிய வாய்க்கு இது வேண்டும்தான். ஆனால் அந்தத் தட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் என் பேச்சை நீ நம்ப வேண்டாம். அதே கணக்கை எடு. பதினோரு குழாயையும் அடை, மண்ணில் தண்ணீரை நிரப்பு, ஆட்டிப் பார். திரையில் சுவர் என்ன செய்கிறது என்பதை அக்காவிடம் நீயே சொல். இன்ஜினியரிடம் நான் போகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம்.

வெள்ளிக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். நீ இன்னும் நிறையச் சுவர் கட்ட வேண்டும், அம்மாடி.

இப்படிக்கு,
உன் புளுகு மாமா

பின்குறிப்பு: பூமி பேசியது பொய். முதுகு கொடுத்தது பொய், அன்று நான் வீட்டிலேயே இல்லை. சிமெண்ட் மட்டும் நிஜம்.