சிவப்பணுக்கள்: நிறைய

என் செல்லத் தங்கச்சி சுகந்திக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னோடு மனசுக்குள் பேசாத நாளில்லை. ஆனால் பேச வேண்டிய ஒன்றை மட்டும் இதுவரை பேசவில்லை. இன்று வியாழக்கிழமை. லீவு போட்டுவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது, தெரியுமா? ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். எந்த வேலைக்காக நீ சாமுண்டி மலையில் படிக்குப் படி குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்தாயோ, அதே வேலை. அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்: "ஆத்தா கேட்ட வேலையக் குடுத்துட்டா. விரதத்த முறிச்சவள எடுத்துக்கிட்டா." இதைக் காதில் வாங்கிக்கொண்டே நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

வேண்டுதல் எனக்காக. நியாயமாக ஏறியிருக்க வேண்டியவள் நான். "சுகந்தி வெக்கட்டும், அப்பவாச்சும் அவ சோம்பேறித்தனம் போகுதான்னு பார்க்கறேன்" என்று அம்மாதான் உன் தலையில் கட்டினாள். நீயும், "அக்காவுக்குன்னா வெக்கறேன்" என்று சிரித்தாய். ஏன் சிரித்தாய்? முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து உனக்குத் தண்ணீர் மட்டும்தான். ஆஷாட மாச வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீ ஒவ்வொரு படியாகக் குனிந்து குனிந்து ஏறினாய். பாதிக்கு மேல் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். கூட வந்த யாரோ ஒரு கன்னடத்து அம்மாள்கூட, "நிதானவாகி ஹத்தம்மா" என்று உன் முதுகைத் தடவிவிட்டுப் போனாள். மெதுவாக ஏறு என்று சொல்ல ஊரார்தான் வர வேண்டியிருந்தது. வழியில் இருக்கும் பெரிய நந்தி சிலையை நெருங்கும்போது பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டாய். அம்மா பார்த்துவிட்டாள். பாக்கெட்டைப் பிடுங்கிக் குரங்குக்கு வீசினாள்.

நான் என்ன சொன்னேன்? "ஒரு நாள் வாயக் கட்ட முடியாதாடி உனக்கு? தின்னிமாடு!" அப்படித்தானே சொன்னேன்? நீ வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மிச்சப் படிகளுக்கும் வைத்து முடித்தாய்.

பள்ளிக்கூடத்தில் ஓடச் சொன்னால் கால் வலி என்று உட்காருவாய். எங்கே போனாலும் பையில் கடலைமிட்டாயோ பிஸ்கட்டோ இருக்கும். வீட்டில் உனக்குச் சோம்பேறி என்றே பெயர் வைத்தோம். உனக்கு எது வேண்டும் என்று உன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. படித்த எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் நீ சுவரைப் பிடித்துப் பிடித்து, அப்போது நான் வேலை பார்த்த தனியார் லேபுக்கு வந்தாய். நீ சிறுநீர் பிடித்துக் கொடுத்த பாட்டிலைப் பார்த்தேன். கடுங்காப்பி நிறம். சோதனைத் தாளான ஸ்ட்ரிப்பை அதில் முக்கினேன். ரத்தம் மூன்று பிளஸ், அதாவது நிறைய. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு சிவப்பணுகூட இல்லை, சுகந்தி. ஒன்றுகூட இல்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஸ்ட்ரிப் ஒன்று சொல்லி மைக்ராஸ்கோப் வேறொன்று சொன்னால் டாக்டர் போன் போட்டுக் கத்துவார். அதனால் இரண்டையும் பொருந்தும்படி எழுதிவிடுவோம். அணு உடைந்து போயிருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வோம். உன் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் தட்டினேன். சிவப்பணுக்கள்: நிறைய. உனக்கு அவசரமாகக் கொடுத்தனுப்பினேன். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

கிளினிக் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமி என்று மாத்திரை எழுதினார். உன் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவரைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கண் முன்னால் இருந்தது என் பொய். திங்கட்கிழமை உனக்குச் சிறுநீரே வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புதன்கிழமை நீ இல்லை.

நீ போன பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பெரிய டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, ஒரு தாளின் பின்பக்கம் வட்டம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிட்ரிக் அமிலச் சுழற்சி! பத்து மார்க்குக்கு நான் மனப்பாடம் செய்த படம். சாப்பிடுவது சர்க்கரையானாலும் கொழுப்பானாலும், கடைசியில் இரண்டு கார்பன் துண்டாகித்தான் அந்த வட்டத்துக்குள் நுழையும். அங்கே இருக்கும் நாலு கார்பன் பொருளோடு சேர்ந்து சிட்ரிக் அமிலமாகும், எலுமிச்சையில் புளிக்கிற அதே அமிலம். சுற்றி வருவதற்குள் இரண்டு கார்பன் கரியமில வாயுவாகிப் போய்விடும், நாலு மறுபடி மிஞ்சும். அந்தச் சுற்றில் உருவி எடுக்கிற எலக்ட்ரான்களைக் கொண்டுதான் தசைக்கு வேண்டிய சக்தி உண்டாகிறது.

உன் வட்டத்தில் பழுதே இல்லையாம். கொழுப்பை அதன் வாசலுக்குள் கூட்டிப்போகிற ஒரு நொதிதான் பிறவியிலேயே குறைவு. வயிற்றில் ஏதாவது இருந்தால் சர்க்கரையை எரித்துச் சமாளித்துவிடும். பட்டினியோடு மணிக்கணக்கில் உழைத்தால் சர்க்கரை தீர்ந்துபோகும், கொழுப்பு உள்ளே வர முடியாது, தசை பட்டினியில் உடையும். உடைந்த தசையின் நிறமி சிறுநீரகத்தை அடைக்கும். ஸ்ட்ரிப்புக்கு அந்த நிறமியும் ரத்தமும் ஒன்றுதான். மைக்ராஸ்கோப்புக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

"அந்த முதல் ரிப்போர்ட்டில் சிவப்பணு இல்லை என்று இருந்திருந்தால் சனிக்கிழமையே சலைன் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருப்பார்கள்" என்றார். "யார் பார்த்தது?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். கூடப் பிறந்தவர்களுக்கும் சோதனை செய்துவிடுங்கள், அதுவரை யாரும் பட்டினி கிடக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்தத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்தேன். ஒரு வருஷமாக அது அங்கேயே கிடக்கிறது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தானே வரும்?

இப்போது கேள். நாளைக்கு ஆஷாட வெள்ளி. நீ முறித்த விரதத்துக்குப் பரிகாரமாக நம் கடைக்குட்டி காவ்யாவை மலையேற்றப் போகிறாள் அம்மா. பதினேழு வயசுப் பிள்ளை. போன மாசம் கல்லூரியில் ஓடிவிட்டு வந்து, "கால் கட்டை மாதிரி ஆயிடுச்சுக்கா" என்றாள். இன்று மத்தியானத்திலிருந்து அவளுக்கும் தண்ணீர் மட்டும்தான்.

காலையில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "இது நோய்ம்மா, நம்ம ரத்தத்துல வர்றது. காவ்யாவைப் பட்டினி போடாதே."

அம்மா பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் உன் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். "கிருமின்னுதான டாக்டர் சொன்னாரு? இதப் பார்த்துத்தான சொன்னாரு? கிருமிக்கு யாராச்சும் அஞ்சு நாள்ல சாவாங்களா? அது ஆத்தா கோவம். நீ டெஸ்ட் பண்ணுன பேப்பரு, நீயே இல்லீங்கறயா?"

நான் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். என் பொய்யையே எனக்கு எதிரான சாட்சியாகக் காட்டுகிறாள். உன்னைக் கொன்றது போதாதா எனக்கு?

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி பொதுவில் போடுகிறேன். கௌதள்ளியிலும் மார்டள்ளியிலும் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் படிக்கட்டும், அவரவர் பிள்ளைகளைச் சோதித்துக்கொள்ளட்டும். வேலை போனால் போகட்டும். விரதம் முறித்ததால் நீ சாகவில்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும். அந்த ஒரு பிஸ்கட்டோடு இன்னும் பத்து பிஸ்கட் தின்றிருக்க வேண்டும் நீ.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அது. ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். இப்போதே கீழே இறங்கிப் போகிறேன். "அம்மா, அந்தப் பேப்பர் பொய். எழுதினவ நான்" என்று சொல்லப்போகிறேன். அம்மா அடித்தாலும், வீட்டை விட்டுப் போ என்றாலும், காவ்யா ஒரு தட்டு சோறு தின்று முடிக்கும்வரை அவள் பக்கத்தை விட்டு நகர மாட்டேன்.

உனக்கும் காவ்யாவுக்கும் அக்கா,
மஞ்சுளா