பாப்பாவோட கன்னம்

என்னங்க,

நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? எனக்கு ஒரு குறையும் இல்ல. கன்னம் உப்பி பாப்பா தேறிட்டான்னு நீங்க அனுப்பின போட்டோவை, இங்க ஆஸ்பத்திரியில என்கூட வார்டு கூட்டுற எல்லார்கிட்டயும் காட்டிப் பீத்திக்கிட்டேன்.

முந்தாநாள் எங்க வார்டுல ஒரு பொண்ணைச் சேர்த்தாங்க. நம்ம பாப்பா மாதிரியே எச்.ஐ.வி.யோட பிறந்தவ. கன்னம் உப்பியிருந்துச்சு. மக சதை போட்டிருக்கான்னு அவ அம்மாவும் சந்தோஷப்பட்டிருக்கா. அது சதை இல்ல, சிறுநீரகம் கெட்டு வந்த வீக்கம்னு டாக்டர் சொன்னார். இன்னிக்குக் காலையில அந்தக் கட்டில் காலியா இருந்துச்சு. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருப்பாங்க.

நீங்க பயப்படாதீங்க. பாப்பாவோட கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, குழி அப்படியே நின்னா அது நீர் வீக்கம். குழி விழுந்தாலும் விழாட்டியும் நாளைக்கே சிறுநீர் டெஸ்ட் எடுத்துடுங்க. எச்.ஐ.வி. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.

சூப்பர்வைசர் கூப்பிடுறார். புதுசா ஒரு போட்டோ அனுப்புங்க. கன்னம் ஒட்டிப்போயிருந்தா ரொம்ப சந்தோஷம்.