டாக்டர் மேல் கட்டிய பிராது

ஹைதராபாத்

என் வீட்டுக்காரருக்கு வேம்பு வணங்கி எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நீங்க நல்லா இருக்கணும். சூளை வேலையில முதுகுவலி எப்படி இருக்குது?

நேத்து டாக்டர் ரூமுல இருந்தது டாக்டர், நம்ம பொண்ணு அன்புக்கரசி, நான், மூணு பேர்தான். இவ விமானம் ஓட்டத் தகுதியில்லைன்னு சர்டிபிகேட்டை மறுத்தாரே, அதே டாக்டர். “ஈசிஜியில சந்தேகம்னா நான் மறுத்துதான் ஆகணும்மா. நீ மேல்முறையீடு போடு. இதய டாக்டர்கிட்ட முழுசா சோதிச்சு, ரிப்போர்ட்டோட கெடுவுக்குள்ள குடு. பெரிய டாக்டருங்க மறுபடி பார்ப்பாங்க”ன்னு அவரே வழி சொன்னாரு.

“என் நெஞ்சுக்கு நானே சாட்சி தேடணுமா சார்?”னு இவ கேட்டதும் சிரிச்சிட்டாரு.

எனக்குச் சிரிப்பு வரல. ‘என் பொண்ணு பொழப்பைக் கெடுத்தாரு’ன்னு அவர் பேரைத் தாள்ல எழுதி, சாமி நியாயம் கேட்கணும்னு கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டியிருக்கீங்களே! நல்ல மனுஷனைச் சாமி தண்டிச்சுட்டா என்னங்க பண்றது? வாபஸ் வாங்கினாலோ, நம்ம வழக்கு முடிஞ்சுதுன்னு சாமி விட்டுடுமோன்னு பயமா இருக்குது. அதனால அதை வாபஸ் வாங்கின கையோட, அவர் பேர் இல்லாம, அன்புக்கு சர்டிபிகேட் கெடைக்கணும்னு மட்டும் புதுசா எழுதிக் கட்டுங்க. பிராதுக்குக் கோயில்ல குடுக்குற கட்டணச் சீட்டு பத்திரம்.

ஒத்தை ரூமு வூடு, பிராது விஷயத்தைப் போன்ல சொன்னா இவ காதுல விழும், அதான் கடுதாசி. தினம் யூனிஃபார்மைத் தேய்ச்சு மாட்டுறா, போக எடமில்ல. முடிவு தெரியாம நானும் ஊருக்கு வர முடியாது. இங்க தமிழ் பேச ஆளில்ல. மிளகாத்தூளும் விபூதியும் அனுப்புங்க.

இவ குளிச்சிட்டு வந்துட்டா. பிராதை மாத்திட்டீங்களான்னு சீக்கிரம் பதில் போடுங்க.

வேம்பு