கீழத்தெருவிலிருந்து வந்த ஆள்

2005 நவம்பர் 21, திங்கள்
மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. மழைதான் விடுமுறை எடுப்பதாக இல்லை. கெமிஸ்ட்ரி டெஸ்ட் ஆற்றோடு போயிற்று. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி.

நவம்பர் 22
நேற்று மழையைப் பார்த்துச் சிரித்ததற்குத் தண்டனையோ? எங்கள் கீழத்தெருவுக்கு நேராக ஆறு கரையை அரித்துவிட்டது. மேலே அணையில் இன்னும் தண்ணீர் திறக்கிறார்களாம். கரை உடைந்தால் தெருவே மூழ்கும். என் தோழி தஹ்மீனா வீடுதான் முதலில்.

ஊர் நாட்டாண்மை பெரியநாயகசாமி பெரியப்பா ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டார்: கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள். ஊர் வழக்கம் அது. ஆண்கள்தான் போக வேண்டும். ஆனால் கீழத்தெரு ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில், மீதிப் பேர் சிங்கப்பூரில். என் அப்பா உட்பட. அங்கிருந்தா மண் வெட்டுவார்கள்?

நவம்பர் 23
காலையில் கரைமேல் நின்று பெரியப்பா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்.

"மீரா உசேன் வீடு?"

தஹ்மீனாவின் அத்தா. ஏழு வருடமாகச் சவுதியில், தமாமில்.

மேலத்தெரு இராஜாங்கம் மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அவங்க தெருவுக்கு நாங்க மட்டும் மண்ணு சுமக்கணுமா? வாங்கடா போவோம்." பெயரில்தான் ராஜாங்கம். வேலை என்றால் மனிதர் நாடு கடந்துவிடுவார்.

நான் குடைக்குப் பின்னால் ஒளிந்து, கட்டைக் குரலில், "உள்ளேன் ஐயா!" என்றேன்.

சிரிப்பு. கிளம்பியவர்கள்கூட நின்றார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஏய் லின்சி! குடி முழுகுற நேரத்துல என்னடி கூத்து? அந்த வீட்டுல வர்றதுக்கு யாரு இருக்கா?"

குடையை இன்னும் இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். நானா? நானேதான்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "நான் இருக்கேங்க."

தஹ்மீனாவின் அம்மா, கமருன்னிஸா மாமி. கடைக்குக்கூட மகளைத்தான் அனுப்புவார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றார். "எங்க வீட்டுக்கு நான் வந்திருக்கேன். சேத்துக்குங்க."

அடுத்து என் அம்மா. அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

வழக்கம்போல் ஆண்கள் சாக்கில் வாய்வரை மண் ரொப்பினார்கள். எங்களால் அசைக்க முடியவில்லை. "பாதி ரொப்புங்க மாமா, நாங்க என்ன லாரியா?" என்றேன். பாதிச் சாக்கு, வரிசையாக நின்று, நாற்றுமுடி மாதிரி கைக்குக் கை. கரையில் அது நன்றாகப் படிந்தும் உட்கார்ந்தது. இராஜாங்கம் மாமா போகவே இல்லை — எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 24
கரை நிற்கிறது.

நவம்பர் 26
கிழக்கே எங்கள் சம்பா நெல் அழுகிவிட்டது. அம்மா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

தஹ்மீனா சொன்னாள்: அத்தா போனில் கத்தினாராம். "ஆம்பளைங்களோட நின்னியாமே?" மாமி சொன்னாராம்: "நின்னேன். அதனாலதான் வீடு நிக்குது. சாப்பிட்டீங்களா?"

டிசம்பர் 4, ஞாயிறு
திரும்பவும் மழை. வலங்கைமான் பக்கம் ஓர் ஊரில் ஆறு கரையை அரிக்கிறது என்று ஆள் கேட்டு வந்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெரியப்பா எங்களையும் டிராக்டரில் ஏற்றினார்.

அங்கே கரையில் நாலைந்து ஆண்கள். பெண்களெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நக்கலாக ஏதோ சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கமருன்னிஸா மாமி இறங்கி, முதல் வாசலில் நின்ற அக்காவிடம் சாக்கின் ஒரு முனையை நீட்டினார்.

"இந்தப் பக்கம் புடிங்க. மொத நாளு கை நடுங்கும். எனக்கும் நடுங்குச்சு."

அந்த அக்கா பிடித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டேன்.