மாப்பிள்ளை கொண்டுவந்த ஆலை

மார்ச் 4, திங்கள்

முற்பகலில் என் பட்டறையில் கரண்ட் போனது. சூளையில் இருந்த ஸ்பிரிங் அத்தனையும் பாழ். சூடு பாதியில் இறங்கிவிட்டால் கம்பியின் பதம் போய்விடும். ஒருமுறை அமுக்கினால் திரும்ப எழாது, சோம்பேறி மாதிரி படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு ஒதுக்கச் சொன்னேன்.

எதிரே வாகன ஆலையில் பட்டப்பகலில் மதில் விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. அவர்களுக்குத் தனி மின்பாதை. நிலம் இலவசம். பத்து வருடத்துக்கு வரி கிடையாது. எனக்குத்தான் இந்த வருடம் சொத்துவரி ஏறியிருக்கிறது. எதற்கு என்று கேட்டால் சாலையை அகலப்படுத்த. சாலை யாருக்கு? அவர்களுடைய லாரிக்கு.

இதைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, என் தங்கை கணவர். அரசுத் தொழில்துறையில் பெரிய அதிகாரி. ஐந்து வருடத்துக்கு முன் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அந்த ஆலையை ஆதரித்து என்னைப் பேச வைத்தார். "ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்பிரிங் வேணுமே அண்ணி, ஆர்டர் உங்களுக்குத்தான்." பேசினேன். வந்ததா? ஒரு ஸ்பிரிங்? கப்பலில் வரவழைக்கிறார்கள் மகராசன்கள்.

மார்ச் 9

தங்கை வீட்டில் சாப்பாடு. கை கழுவும்போதே மாப்பிள்ளை ஆரம்பித்தார். ஆலையை விரிவாக்கப் போகிறார்களாம், இன்னொரு பத்து வருடம் வரிவிலக்கு கேட்கிறார்களாம். மறுபடி கூட்டம்.

"நீங்க நாலு வார்த்தை பேசினா எடுபடும் அண்ணி. உள்ளூர் சிறுதொழில், அதுவும் ஒரு பெண்மணி."

தங்கை என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுப்பேன் என்று பயம்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, பேசிட்டாப் போச்சு" என்றேன். எனக்கு இவ்வளவு நன்றாகச் சிரிக்க வரும் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 10

பேசுகிறேன். பேசத்தான் போகிறேன்.

மார்ச் 16

மருந்துக்கடையில் என் பழைய ஃபோர்மேனைப் பார்த்தேன். ஆலையின் நீலச் சட்டை. என் பட்டறையில் துடைப்பம் பிடித்து நுழைந்தவன். கம்பி சுற்றுவதிலிருந்து சூளை பார்ப்பது வரை என்னிடம் கற்றவன். ஆலை கூப்பிட்ட அன்றே எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனான். "அக்கா..." என்றான். நான் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். போகட்டும். அவன் முறை பிறகு. முதலில் பெரிய தலை.

மார்ச் 21

நான் பேச வேண்டியதை மாப்பிள்ளையே எழுதி அனுப்பியிருக்கிறார். ஆலை எங்களுக்குத் தாயாம். நாங்கள் மடியில் தவழும் பிள்ளைகளாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 27, புதன்

முடிந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளை, பக்கத்தில் ஆலைக்காரர்கள், முன்வரிசையில் தங்கை. என்னை "நம் ஊர்த் தொழில்முனைவோர்" என்று அவரே அறிமுகப்படுத்தினார். மைக் முன்னால் போய் நின்றேன். அவர் எழுதிக்கொடுத்ததை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன். அதை அவர் பார்த்தார்.

"வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தா விருந்து வைப்போம். ஒரு நாள் வைப்போம், ஒரு வாரம் வைப்போம். வீட்டுல இருக்கறவங்களைப் பட்டினி போட்டு இருபது வருஷம் வைப்பமா?"

சிரிப்பு கிளம்பியது. எங்கள் உறவு தெரிந்தவர்கள் மேடையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அவங்க கட்டாத வரியை யார் கட்டுறாங்க? நான் கட்டுறேன். முடிவெட்டுறவர் கட்டுறார். அந்தக் காசுல போட்ட ரோட்டுல அவங்க லாரி போகுது. என்கிட்ட தொழில் கத்துக்கிட்ட ஆளுங்களையும் எடுத்துக்கிட்டாங்க, என் கரண்டையும் எடுத்துக்கிட்டாங்க. ஆர்டர் தருவோம்னு சொல்லி இதே மேடையில என்னைப் பேச வச்சவர் இங்கதான் உக்காந்திருக்கார். எந்திரிச்சுச் சொல்லட்டும், ஒரு ஸ்பிரிங் வாங்கினாங்களான்னு."

மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

வெளியே தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஊருக்காகப் பேசலக்கா நீ. அவரை நாறடிக்கணும்னு பேசின."

ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 18

வரிவிலக்கு நீட்டிப்பு நிராகரிப்பு. நாளிதழில் முதல் பக்கம், கீழே என் படம். மாப்பிள்ளையை ஏதோ ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இனி கரப்பான்பூச்சிகளுக்குச் சலுகை அறிவிக்கலாம். இன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 30

தங்கை போனை எடுப்பதில்லை.

ஜூன் 11

ஆலை மூடுகிறது. பக்கத்து மாநிலத்துக்குப் போகிறதாம். அங்கே பதினைந்து வருட விலக்கு. கிரேன் வந்து இயந்திரங்களைத் தூக்குகிறது. மதில் ஓரமாக நீலச் சட்டைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், வேறென்ன செய்வார்கள்.

முடிவெட்டுகிறவர் என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய்விட்டார். அவர் பையனும் அங்கேதான் வேலை பார்த்தான்.

ஜூன் 14

மாப்பிள்ளை போன் செய்தார். குரலில் தேன். அரசு வேலையை விட்டுவிட்டு ஆலையிலேயே ஆலோசகராகச் சேர்ந்துவிட்டாராம்.

"உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும் அண்ணி."

எதற்கு?

"பத்து வருஷத்துக்குள்ள அவங்களா கிளம்பினா, விட்ட வரியெல்லாம் திருப்பிக் கட்டணும்னு ஒப்பந்தம். அரசாங்கமே விரிவாக்கத்துக்கு ஒத்துழைக்கலேன்னா கட்ட வேண்டாம். அங்க இடமெல்லாம் ஜனவரியிலயே பேசி முடிச்சாச்சு. கதவுதான் திறக்கல. நீங்க திறந்து விட்டீங்க."

அப்படியானால் நான் பழி வாங்கவில்லை. அவர்கள் வாசலுக்குத் தாழ்ப்பாள் நீக்கியிருக்கிறேன்! ஐந்து வருடத்துக்கு முன் ஒரு முறை, இப்போது ஒரு முறை. இரண்டு முறையும் கைதட்டலோடு. படுபாவி, எழுதிக்கொடுத்ததை நான் படிக்க மாட்டேன் என்று தெரிந்தேதான் எழுதினானா? தாய், மடி, பிள்ளை... என்னை அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

ஜூன் 15

பட்டறை திறக்கவில்லை.

ஜூலை 8

ஃபோர்மேன் வாசலில் வந்து நின்றான். வெயிலில் நிற்கட்டும் என்று விட்டேன். சாப்பாட்டு நேரத்திலும் அங்கேயே இருந்தான். கடைசியில் நானே போனேன்.

"எதுக்கு வந்த? கால்ல விழவா?"

"விழுந்தா சேத்துக்குவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப விழல. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பதினோரு மாசம் ஆனதும் எங்களை நிறுத்திட்டு, மறுநாள் புதுசா எடுப்பாங்க. இத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம்னு கணக்குக் காட்டி அதுக்கும் சலுகை வாங்கினாங்க. என்னை மட்டும் நாலு தடவை எடுத்தாங்க. நான் ஒருத்தன்க்கா, அவங்க கணக்குல நாலு பேரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். பிறகு அவன் அழுதான். உள்ளே வரச் சொல்லி டீ கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் இல்லை. டீ மட்டும்.

ஜூலை 22

பக்கத்து மாநிலத்தில் அந்த ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் ஆகஸ்ட் 6. செய்தித்தாளில் ஓரமாகப் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாமாம்.

ஃபோர்மேனிடம் காட்டினேன். "டிக்கெட் போடவா?" என்றான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அவர்கள் ஊர் நம் ஊர் மாதிரியே இருக்கிறது. அதே மண்டபம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. மேடையில் மாப்பிள்ளை புதுக் கோட்டில். மூன்றாம் வரிசையில் என்னைப் பார்த்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

இந்த முறை நான் யாரையும் திட்டவில்லை. ஆத்திரத்தில் பேசினால் அவருக்குத்தான் லாபம், அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இரண்டே விஷயம் கேட்டேன்.

"விட்ட வரியைத் திருப்பிக் கட்டற நிபந்தனையில 'அரசு ஒத்துழைக்காவிட்டால்'னு ஒரு வாசகம் இருக்கும். இருக்கா இல்லையா? அதை எடுத்துட்டு, எந்தக் காரணத்துக்காகப் போனாலும் கட்டணும்னு எழுதச் சொல்லுங்க. எழுதினா நல்ல ஆலை, வரட்டும்."

அடுத்து ஃபோர்மேன். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை, வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டான். "நான் நாலு பேர் சார்புல பேசறேன்" என்று தொடங்கினான். "அந்த நாலு பேரும் நான்தான்."

மண்டபம் அதிர்ந்தது. அவ்வூர்த் தலைவர் ஒரு வயதான அம்மாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளையிடம் கேட்டார்: "இவங்க சொல்றது உண்மையா தம்பி?"

மாப்பிள்ளை சட்ட ஆலோசகரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

செப்டம்பர் 2

அந்த ஊர் நிபந்தனையை மாற்றி எழுதிவிட்டது. கம்பெனி மூன்றாவதாக ஒரு மாநிலத்தோடு பேசுகிறதாம். எங்கள் ஊரிலும் விட்ட வரியைக் கேட்டு வழக்குப் போடப் பழைய ஒப்பந்தத்தைத் தோண்டுகிறார்கள். ஃபோர்மேனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். காசு வருமா? தெரியாது. வழக்கு ஆயுசுக்கும் ஓடும். ஓடட்டும், நானும் ஓடுவேன்.

செப்டம்பர் 19

ஃபோர்மேனையும் அந்த எட்டுப் பேரில் நான்கு பேரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். அதற்கு மேல் தாங்காது. ஃபோர்மேனுக்குப் பழைய சம்பளம்தான், ஒரு காசு கூடுதல் கிடையாது. "சரிக்கா" என்றான்.

அக்டோபர் 13, ஞாயிறு

தங்கை வந்தாள். ஏழு மாதம் ஆகப்போகிறது. நேராகச் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள், நேற்றுத்தான் வந்துபோனவள் மாதிரி.

"அவரைக் கழட்டி விட்டுட்டாங்கக்கா. மூணாவது இடத்துக்கு அவர் முகம் ஆகாதாம். எல்லாருக்கும் தெரிஞ்ச முகமாயிடுச்சாம்."

நல்லா வேணும் என்று மனசு சொன்னது. அதைத் தடுக்கவில்லை. ஆனால் அவள் கையில் வளையல் தொளதொளவென்று ஆடியதையும் பார்த்தேன். அதற்கு நான் என்ன செய்வது? சாப்பிட வைத்தேன்.

கிளம்பும்போது செருப்பை மாட்டியபடியே கேட்டாள். "உன் பட்டறையில ஆர்டர் பிடிக்க ஆள் வேணும்னு முன்ன சொல்லிட்டிருந்தியே. அவரு... உன்னைப் பாக்க வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. யாரும் இல்லாத நேரமா."

"நாளைக்குக் காலையில வரச் சொல்லு" என்றேன்.

ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, நாளை ஒருத்தரும் லீவு எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.